ஹெர்ப் ஸ்கோர்: பழி கண்ணுக்கு, காயம் முழங்கையில்

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களில் கொஞ்சம் வயதானவர்களிடம் ஹெர்ப் ஸ்கோர் பேச்சை எடுத்தால் கதை ஒரே மாதிரிதான் வரும். கிளீவ்லேண்டின் இடக்கை பிட்சர், புயல் மாதிரி எறிவார், 1957 மே மாதம் ஒரு பந்து கண்ணில் அடித்தது, அதோடு முடிந்தது. இதில் பொய் என்று எதுவும் இல்லை. பந்து கண்ணில் அடித்தது நிஜம். அதற்கப்புறம் அவர் பழைய ஸ்கோராக இல்லை என்பதும் நிஜம். இரண்டுக்கும் நடுவில் எல்லோரும் சேர்த்துக்கொள்ளும் "அதனால்தான்" மேல்தான் எனக்குச் சந்தேகம். ஸ்கோரும் அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னதை அடக்கம், பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டு, ஆட்டப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தால் வழக்கு வேறு பக்கம் சாய்கிறது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும். பிட்சர் எறியும் பந்தை அடிக்க முடியாமல் பேட்டர் மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் ஸ்ட்ரைக் அவுட். பிட்சர் குறி தவறி நான்கு பந்து வெளியே போட்டால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அதற்குப் பெயர் வாக். ஸ்ட்ரைக் அவுட் பிட்சரின் வேகத்தையும் வித்தையையும் காட்டும், வாக் அவருடைய குறியைக் காட்டும். ஸ்கோர் விஷயத்தில் இந்த இரண்டு எண்களையும் பிடித்துக்கொண்டாலே போதும்.

மேலே ஏறிய வேகம்

1933 ஜூன் 7 அன்று நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பிறந்தவர். மூன்று வயதில் பேக்கரி வண்டி ஒன்று மோதிக் கால்கள் நசுங்கின. பிறகு ருமாட்டிக் காய்ச்சல். உடம்புக்கும் அவருக்கும் சின்ன வயதிலிருந்தே பொருத்தமில்லை. குடும்பம் ஃபுளோரிடாவில் லேக் வொர்த் ஊருக்குப் போனது. அங்கே பள்ளி அணியில் எறிந்த பையனைப் பார்த்து, 1952ல் அவனுடைய 19வது பிறந்தநாள் அன்றே 60,000 டாலர் போனஸ் கொடுத்து கிளீவ்லேண்ட் இண்டியன்ஸுக்காக ஒப்பந்தம் போட்டவர் சை ஸ்லாப்னிக்கா. கிளீவ்லேண்டின் புகழ்பெற்ற வேக பிட்சர் பாப் ஃபெல்லரைக் கண்டுபிடித்த அதே ஆள்தான். இன்று கார்டியன்ஸ் என்ற பெயரில் ஆடும் அந்த கிளப்புக்கு அடுத்த ஃபெல்லர் கிடைத்துவிட்டார் என்ற பேச்சு அங்கேயே ஆரம்பித்தது.

ஆரம்பத்தில் குறி கைக்கு வரவேயில்லை. 1953ல் ரெடிங் என்ற கீழ் லீக் அணிக்கு எறிந்தபோது இன்னிங்ஸ் எண்ணிக்கையைவிட (பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) வாக் எண்ணிக்கை அதிகம். அடுத்த வருடம் இண்டியானாபோலிஸில், அதுவும் கீழ் லீக் அணிதான், எல்லாம் சேர்ந்து வந்தது. 22 வெற்றி, 5 தோல்வி, 251 இன்னிங்ஸில் 330 ஸ்ட்ரைக் அவுட். அந்த லீகில் அதுவரை யாரும் செய்யாதது.

1955ல் உச்ச மட்டமான மேஜர் லீகுக்கு, கிளீவ்லேண்ட் அணிக்கு வந்தார். அவருக்கு முன்னால் நின்ற வரிசையைப் பாருங்கள்: ஃபெல்லர், பாப் லெமன், ஏர்லி வின், மைக் கார்சியா. இந்தக் கூட்டத்தில் 21 வயதுப் பையனுக்கு இடம் கிடைப்பதே பெரிது. மே 1 அன்று பாஸ்டனோடு ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் கிழவர் ஃபெல்லர் ஒரே ஒரு ஹிட் (பேட்டர் பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்வது) மட்டும் விட்டுக்கொடுத்தார். இரண்டாவதில் ஸ்கோர் 16 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறையிடம் சாவியைக் கொடுத்த நாள் என்று அதை எழுதாத ஆள் இல்லை.

அந்த சீசனில் 227 இன்னிங்ஸில் 245 ஸ்ட்ரைக் அவுட். புதுமுகத்துக்கு அது சாதனை. 1984ல் டுவைட் குடன் வந்து முறியடிக்கும்வரை நின்றது. ஒன்பது இன்னிங்ஸுக்குக் கணக்குப் போட்டால் 9.7. அன்றைய பிட்சர்களின் சராசரி ஐந்துக்கும் கீழே. 1956ல் இன்னும் மேலே போனார்: 20 வெற்றி, 9 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன் 2.53, ஸ்ட்ரைக் அவுட் 263. வாக்கும் 154லிருந்து 129க்கு இறங்கியது. குறி கைக்கு வர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். 1957 மார்ச்சில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஒரு மில்லியன் டாலர் கொடுத்து அவரை வாங்கத் தயாராக இருந்தது. கிளீவ்லேண்டின் ஜெனரல் மேனேஜர் ஹேங்க் கிரீன்பெர்க் விற்க மறுத்துவிட்டார்.

மே 7, 1957

செவ்வாய்க்கிழமை இரவு, கிளீவ்லேண்ட் முனிசிபல் ஸ்டேடியம், எதிரே நியூயார்க் யாங்கீஸ். முதல் இன்னிங்ஸ். முதல் பேட்டர் ஹேங்க் பாவர் அவுட். இரண்டாவதாக கில் மெக்டூகல்ட். ஸ்கோர் தாழ்வாக ஒரு வேகப்பந்து போட்டார். மெக்டூகல்ட் அதை நேரே நடுவில் அடித்தார்.

ஸ்கோரின் எறிமுறையை இங்கே சொல்ல வேண்டும். முழு உடம்பையும் வீசி எறிகிறவர் அவர். பந்து கையை விட்ட பிறகு தலை கீழே போய்விடும், ஒரு கணம் பேட்டரைப் பார்க்க முடியாது. பிட்சர் நிற்கும் ரப்பர் பட்டையிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். எறிந்து முன்னால் விழுந்து முடிக்கும்போது மிச்சம் சுமார் 55 அடிதான். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிகூட ஆகாது. மட்டையில் பட்ட சத்தம் கேட்டு ஸ்கோர் நிமிர்ந்தபோது பந்து முகத்துக்கு வந்துவிட்டது. வலது கண்.

பந்து முகத்தில் பட்டுத் தெறித்து மூன்றாவது பேஸில் நின்ற ஆல் ஸ்மித்திடம் போனது. அவர் எடுத்து முதல் பேஸுக்கு வீச, மெக்டூகல்ட் அவுட். பதிவேட்டைப் பார்த்தால் அது சாதாரண ஒரு அவுட், அவ்வளவுதான். ஆனால் மெக்டூகல்ட் பேஸை நினைக்கவே இல்லை. ரத்தத்தோடு கீழே கிடந்த ஸ்கோரை நோக்கித்தான் ஓடினார். அரங்கில் மருத்துவர் யாராவது இருந்தால் மைதானத்துக்கு வரும்படி ஒலிபெருக்கியில் அழைத்தார்கள்.

ஸ்கோருக்கு நினைவு தப்பவில்லை. தன் கண் இருக்கிறதா, பிதுங்கி வெளியே வந்துவிட்டதா என்பதுதான் அவருடைய முதல் பயம். அதையும் மீறி ஒரு கிண்டல் வேறு. ஆறு நாள் முன்புதான் சிகாகோவில் சுகர் ரே ராபின்சன் ஒரே குத்தில் ஜீன் ஃபுல்மரைப் படுக்க வைத்திருந்தார். ஃபுல்மருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது ஸ்கோர் கேட்டாராம்.

அவர் விட்ட இடத்தில் பாப் லெமன் வந்து மீதி ஆட்டத்தை எறிந்து முடித்தார். கிளீவ்லேண்ட் 2-1 என்று ஜெயித்தது. அந்த வெற்றியை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

மூக்கு உடைந்திருந்தது. கண்ணுக்குள் ரத்தக் கசிவு, வீக்கம். பல நாள் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள், சுமார் மூன்று வாரம் ஆஸ்பத்திரி. பார்வை மெல்லத் திரும்பியது. தூரத்தைக் கணிப்பதில் சில காலம் தடுமாற்றம் இருந்தது. அந்த சீசனில் மறுபடி எறியவில்லை. ஐந்தே ஆட்டத்தில் 36 இன்னிங்ஸ், 39 ஸ்ட்ரைக் அவுட் என்று 1957 கணக்கு நின்றுபோனது.

சிரமமில்லாத விளக்கம்

இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. வழக்கு உண்மையில் ஆரம்பிப்பது 1958ல்.

பரவலான விளக்கம் இது: திரும்பி வந்த ஸ்கோருக்கு மனதுக்குள் பயம். மறுபடி பந்து முகத்துக்கு வந்துவிடுமோ என்று, தன்னை அறியாமலேயே, எறிந்து முடிக்கும்போது உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார். முழு வீச்சு போனது, வேகம் போனது, குறியும் போனது. கேட்கும்போதே நம்பத் தோன்றும். கூட ஆடியவர்களிலும் அப்படி நினைத்தவர்கள் உண்டு. எறிமுறை மாறியதைப் பலரும் கண்ணாலேயே பார்த்தார்கள். மனித மனம் அப்படித்தானே என்று நாமும் தலையாட்டிவிடுவோம்.

இந்த விளக்கம் சரியென்றால் பயம் எப்போது அதிகம் தெரிய வேண்டும்? திரும்பி வந்ததும்தானே. முதல் சில வாரங்களில்தான் அது உச்சத்தில் இருக்கும். 1958 ஏப்ரலில் நடந்தது அதற்கு நேர்மாறு. சிகாகோ வொயிட் சாக்ஸை மூன்றே ஹிட்டில் அடக்கி, ஒரு ரன்கூடத் தராமல், 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். பயந்து உடம்பை இழுத்துக்கொள்கிற ஆள் எறியும் எறியா அது? அன்றைக்கு ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பழைய ஸ்கோர் வந்துவிட்டார் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அதே மாதக் கடைசியில் வாஷிங்டனில் ஓர் ஆட்டம். குளிரும் ஈரமுமான ராத்திரி. எறிந்துகொண்டிருக்கும்போதே கையில் வலி. கொஞ்சம் தாக்குப்பிடித்து எறிந்தார், பிறகு முடியவில்லை. முழங்கைப் பக்கம் தசைநார் கிழிந்திருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். ஓய்வு எடுத்தார், திரும்பி வந்தார், மறுபடி வலி. 1958 முழுக்க 41 இன்னிங்ஸ்தான்.

அந்த 41 இன்னிங்ஸில் 48 ஸ்ட்ரைக் அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்கு 10.5. அவர் எறிந்த எந்த முழு சீசனையும்விட அதிகம்! ஆட்டம் குறைவு, அதனால் இந்த எண்ணை ரொம்பவும் தூக்கிப்பிடிக்கக் கூடாதுதான். ஆனாலும் கண்ணில் அடிபட்ட பிறகு எறிந்த முதல் 41 இன்னிங்ஸில் வேகம் எங்கும் போகவில்லை என்பதை இது காட்டுகிறது. வேகம் கரைவது அடுத்த வருடத்திலிருந்து, அதாவது முழங்கைக்குப் பிறகு. 1959ல் 8.2. 1960ல் 6.2. குறியும் அதே மாதிரிதான். 1956ல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 4.7 வாக், 1959ல் 160 இன்னிங்ஸில் 115 வாக், அதாவது 6.4.

ஸ்கோர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான். எறிமுறை மாறியது உண்மை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மாறியது பந்துக்குப் பயந்து அல்ல, முழங்கை வலித்ததால் அதைக் காப்பாற்றிக்கொள்ள வேறு மாதிரி எறியப் பழகி, அந்தக் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது என்றார். தோள், முழங்கை பற்றிய விஷயம் தெரிந்த எந்தப் பயிற்சியாளருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. வலிக்கிற மூட்டுக்கு வேலை குறைத்தால் பக்கத்து மூட்டு அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும், எறிமுறை கோணிக்கொள்ளும். வலி போன பிறகும் உடம்பு பழைய வழிக்குத் தானாகத் திரும்பாது.

கை ஏன் போனது

குளிர் ராத்திரி ஒன்று மட்டும் தசைநாரைக் கிழிக்காது. அதற்கு முந்தைய மூன்று வருடத்தைப் பார்க்க வேண்டும். 21, 22, 23 வயதில் இண்டியானாபோலிஸில் 251, அப்புறம் கிளீவ்லேண்டில் 227, 249. கூட்டினால் ஏறக்குறைய 728 இன்னிங்ஸ். இன்றைக்கு எந்த கிளப்பும் அந்த வயதுப் பையனை இப்படி எறிய விடாது.

இன்னிங்ஸ் எண்ணிக்கைகூட முழுக் கதையைச் சொல்லவில்லை. ஸ்கோர் மாதிரி ஆளுக்கு ஒரு இன்னிங்ஸ் என்பது மற்றவர்களின் ஒரு இன்னிங்ஸைவிட நீளம். முதல் பந்திலேயே அடித்து அவுட் ஆகிற பேட்டர் பிட்சருக்கு ஒரு எறிதல் செலவு. ஸ்ட்ரைக் அவுட்டுக்குக் குறைந்தது மூன்று, வாக்குக்குக் குறைந்தது நான்கு. 1955, 56 இரண்டு வருடத்தில் அவர் கணக்கில் 508 ஸ்ட்ரைக் அவுட், 283 வாக். அதற்கே குறைந்தபட்சம் 2,656 எறிதல், எல்லாம் முழு பலத்தோடு. நிஜத்தில் இதைவிட எவ்வளவோ கூட இருந்திருக்கும். அன்று எறிதலை எண்ணி, போதும் என்று பிட்சரை உட்கார வைக்கும் வழக்கம் வரவில்லை. வலிக்கிறது என்று சொல்கிற பிட்சருக்கு நல்ல பெயரும் கிடையாது.

மருத்துவமும் அப்படித்தான். உள்ளே எந்த நார் எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று பார்க்க எம்ஆர்ஐ இல்லை. முழங்கைத் தசைநாரை மாற்றிவைக்கும் அறுவை சிகிச்சையை டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்தது 1974ல். 1958ல் ஸ்கோருக்குக் கிடைத்தது ஓய்வும் நம்பிக்கையும்தான். அவருக்கு எந்த நார், எவ்வளவு கிழிசல், ஜோப்பின் சிகிச்சை அதற்குப் பொருந்தியிருக்குமா என்றெல்லாம் இப்போது ஆருடம் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. கை போனால் போனதுதான் என்பது அன்றைய விதி. பெயர் தெரியாத எத்தனையோ பிட்சர்கள் அப்படிப் போனார்கள், யாரும் அவர்களைப் பற்றிக் கதை சொல்வதில்லை. ஸ்கோருக்கும் மே 7 நடக்காமல் இருந்திருந்தால், கை போன இன்னொரு இளம் பிட்சர் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கண் அடிக்கு இதில் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்ல வரவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் ஆட்டத்தில் எறியாமல் இருந்துவிட்டு, வந்ததும் முழு வேகத்தில் எறிந்த கை அது. அந்த இடைவெளி கையைப் பலவீனப்படுத்தியிருக்கலாம். அந்த வழியில் பந்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று வாதிடலாம். ஆனால் அது "பயந்துவிட்டார்" என்ற கதை அல்ல. அது வேறு, இது வேறு.

மறுமுனையில் நின்றவர்

இந்த வழக்கில் இன்னொரு காயம் பட்டவரும் உண்டு. கில் மெக்டூகல்ட் 1951ல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம். 1955ல் அதே பட்டம் ஸ்கோருக்கு. ஸ்கோருக்குக் கண் போனால் ஆட்டத்தையே விட்டுவிடுவேன் என்று அன்றிரவே மெக்டூகல்ட் சொன்னார். ஸ்கோரின் தாய் அவரிடம் பேசித் தேற்றினார். யாருக்கும் நடக்கக்கூடியது, அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஸ்கோரும் சொன்னார்.

மெக்டூகல்டுக்கு அடிக்கப்பட்ட பந்து என்ன செய்யும் என்பது தெரியாததல்ல. 1955ல் பயிற்சியின்போது சக வீரர் பாப் செர்வ் அடித்த பந்து அவருடைய இடது காதுப் பக்கம் பட்டது. அதிலிருந்து கேட்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், பிற்காலத்தில் ஏறக்குறைய முழுச் செவிடாகிவிட்டார். 1994ல் காக்ளியர் இம்பிளாண்ட் வைத்த பிறகுதான் மறுபடி சத்தம் கேட்டது.

1957ல் அவருடைய பேட்டிங் சராசரி .289. அடுத்த மூன்று வருடம் .250, .251, .258. 1960 முடிந்ததும் 32 வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். நடுவில் அடிப்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை என்றும் சொல்வார்கள். மனதில் விழுந்த அடி ஒருவரின் ஆட்டத்தை மாற்றியது என்று வாதிட வேண்டுமானால், எறிந்தவரைவிட அடித்தவரிடம் அதற்குச் சான்று கூடுதல். என் கண்ணுக்கு அப்படித்தான் படுகிறது.

மிச்சம்

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959ல் 9 வெற்றி, 11 தோல்வி. 1960 ஏப்ரல் 17 அன்று கிளீவ்லேண்டின் ஜெனரல் மேனேஜர் ஃபிராங்க் லேன், ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய ராக்கி கொலவிட்டோவை டெட்ராய்ட்டுக்குத் தள்ளிவிட்டார். கொலவிட்டோ ஸ்கோரின் அறைத்தோழர், நெருங்கிய நண்பர். மறுநாளே பேரி லாட்மனை வாங்கிக்கொண்டு ஸ்கோரையும் சிகாகோ வொயிட் சாக்ஸுக்குக் கொடுத்தார். அங்கே மேனேஜர் ஆல் லோபஸ், 1955லும் 56லும் கிளீவ்லேண்டில் ஸ்கோரை எறிய வைத்த அதே லோபஸ். அவராலும் பழைய கையைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. 1962க்குப் பிறகு மேஜர் லீகில் எறியவில்லை. கீழ் லீகுக்கு இறங்கிப்போயும் முயன்று பார்த்தார், கை வரவில்லை.

மொத்தக் கணக்கு 55 வெற்றி, 46 தோல்வி, 837 ஸ்ட்ரைக் அவுட். இதை அப்படியே பார்த்தால் சராசரி ஆள் மாதிரி தெரியும். இரண்டாகப் பிரித்தால்தான் விவரம் புரியும்: 1957 வரை 38-20, அதற்குப் பிறகு 17-26.

அவர் எறிந்ததைவிடப் பல மடங்கு காலம் பேசினார். 1964ல் கிளீவ்லேண்ட் ஆட்டங்களுக்குத் தொலைக்காட்சி வர்ணனை, 1968லிருந்து ரேடியோ. அணி வருடக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தது, 1954க்குப் பிறகு லீக் பட்டம் வந்தது 1995ல்தான். அத்தனை தோல்வியையும் ஒஹையோ வீடுகளுக்கு நிதானமான குரலில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இவர். அந்த ஊரில் ஒரு தலைமுறைக்கு அவர் பிட்சர் என்பதே பெற்றோர் சொல்லித்தான் தெரியும். கடைசியாக வர்ணித்தது 1997 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம், ஃபுளோரிடாவிடம் 11வது இன்னிங்ஸில் கிளீவ்லேண்ட் தோற்ற ஆட்டம். அடுத்த அக்டோபரில் காரில் போகும்போது லாரி மோதிப் பலத்த காயம். அதிலிருந்தும் எழுந்து 1999 சீசனின் தொடக்க ஆட்டத்தில் சடங்கு எறிதலைப் போட்டார். 2008 நவம்பர் 11 அன்று ராக்கி ரிவரில், 75 வயதில் இறந்தார்.

2014ல் பிட்சர்களுக்கான மெத்தை வைத்த தொப்பிக்கு மேஜர் லீக் அனுமதி கொடுத்தபோது ஸ்கோரின் பெயர் மறுபடி அடிபட்டது. அந்தத் தொப்பி நெற்றிக்கு மேலேதான் காக்கும், அவருக்கு அடிபட்ட இடத்தை அது மூடாது. அவருடைய ஆட்டத்தை முடித்த முழங்கைக்கும் அதில் ஒன்றும் இல்லை.